அவர் போனில் திறக்காத பக்கம்

என் கணவர் முதன்முதலாக என் வேலையைப் பார்க்க ஆசைப்பட்ட நாளில், அவர் போனில் வெறும் வெள்ளைதான் வந்தது.

அவர் ராணுவத்தில் இருக்கிறார். அப்போது வடக்கே, எல்லையை ஒட்டிய ஒரு பனிமலை முகாமில் இருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்திருந்தது. இருவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று மாதம்கூடத் தேறாது. நான் அவருடைய அம்மாவோடு திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அடி அண்ணாமலையில் இருந்தேன். தினமும் காலையில் ஸ்கூட்டியில் வேங்கிக்கால் போய், ஒரு மாடியில் இருந்த வெப்சைட் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பெனி என்றால் இரண்டு அறை, நாலு கம்ப்யூட்டர், முதலாளி, என்னோடு சேர்த்து மூன்று பேர். ஊரில் இருக்கிற லாட்ஜ், துணிக்கடை, பள்ளிக்கூடம் என்று யார் கேட்டாலும் வெப்சைட் செய்து கொடுப்போம்.

அவருடைய முகாமில் சிக்னல் கிடையாது. மதியம் சாப்பிட்ட பிறகு கொஞ்ச தூரம் மேலே ஏறினால் ஒரு பாறை இருக்கும், அங்கே நின்றால் இரண்டு கோடு வரும் என்பார். அங்கேயும் நாலைந்து பேர் காத்திருப்பார்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்காக நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆபீஸ் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொள்வேன். எல்லா நாளும் போன் வராது. வராத நாளில் சாப்பாடு மட்டும் முடிந்துவிடும்.

"என்னா கம்ப்யூட்டர், சாப்ட்டியா?" என்றுதான் ஆரம்பிப்பார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது என் அப்பா "பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிருக்குது" என்று சொன்னதிலிருந்து எனக்கு அந்தப் பெயர்.

"சாப்ட்டுனு இருக்கேன். நீங்க?"

"ஆச்சு ஆச்சு. இங்க பசங்க உன்ன பத்தி கேக்கறானுங்க. என் ஒய்ஃபு வெப்சைட்டு பண்றானு சொல்லிட்டேன். எங்க காட்டு பாக்கலாம்னு உக்காந்துனு இருக்கானுங்க. அனுப்பேன் ஒண்ணு."

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த மாதம்தான் ஊருக்குள் இருக்கிற ஒரு லாட்ஜுக்கு நானே முழுசாக ஒரு வெப்சைட் செய்து முடித்திருந்தேன். முகப்பில் மலையின் பெரிய போட்டோ, அதன்மேல் லாட்ஜின் பெயர், கீழே அறைகளின் படங்கள், அடுத்த பக்கத்தில் ரூம் போடுவதற்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டன். அதன் முகவரியை அவருக்கு அனுப்பினேன். அந்தச் சிக்னலில் பேசிக்கொண்டே இன்டர்நெட் பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமென்றால் போனை வைக்க வேண்டும். வைத்தார்.

நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் காத்திருந்தேன். இப்போது போட்டோ வந்திருக்கும், இப்போது பட்டன் வந்திருக்கும், பக்கத்திலிருப்பவர்களிடம் காட்டிக்கொண்டிருப்பார் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்.

"ஒண்ணும் வரலம்மா. வெள்ளையாவே இருக்குது."

"கொஞ்ச நேரம் வெயிட் பண்ணுங்களேன்."

"எவ்ளோ நேரம் பண்றது? இங்க சுத்திப் பாத்தாலும் வெள்ள, போன பாத்தாலும் வெள்ள. சரி, என் டைம் முடிஞ்சுது. பின்னாடி ஆள் நிக்குது. வைக்கிறேன்."

அன்றைக்கு நாங்கள் பேசியது அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் அந்த வெள்ளைத் திரைக்குப் போய்விட்டது. மாடியிலிருந்து இறங்கி வரும்போது எனக்கு அழுகை முட்டியது. அவர் பார்க்கவில்லையே என்பதைவிட, நான் செய்த ஒன்றே எங்கள் பத்து நிமிஷத்தைத் தின்றுவிட்டதே என்றிருந்தது.

முதலாளியிடம் போய், "சார், லாட்ஜ் வெப்சைட்டு ஸ்லோவா இருக்குது, கொஞ்சம் சரி பண்ணட்டுமா?" என்றேன்.

அவர் தன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. "நல்லாத்தானம்மா தொறக்குது?"

"நம்ம ஆபீஸ் வைஃபைல தொறக்குது சார். சிக்னல் கம்மியா இருக்கற எடத்துல வெறும் வெள்ளையா நிக்குது."

"எந்த எடத்துல?"

சொன்னேன். அவர் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை. "பனிமலைலருந்து யாரும்மா நம்ம ஊர் லாட்ஜுல ரூம் போடப் போறாங்க? அடுத்த வேலையப் பாரு. ஸ்கூல் வெப்சைட்டு நிக்குது."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து மதிய இடைவேளையில், என் கணவரின் போன் வந்தாலும் வராவிட்டாலும், மீதி நேரத்தில் அந்த வேலையைச் செய்ய ஆரம்பித்தேன்.

ஒரு வெப்சைட் பக்கத்துக்கு என்ன நிறம், எழுத்து எவ்வளவு பெரியது, எதற்கும் எதற்கும் நடுவில் எவ்வளவு இடம் என்றெல்லாம் சொல்வதற்குத் தனியாக ஒரு கோப்பு உண்டு. ஸ்டைல்ஷீட் என்போம். அது வந்து சேரும்வரை போன் எதையும் காட்டாது. அலங்காரம் முடியாமல் பெண்ணை வெளியே அனுப்பாத மாதிரி, பக்கத்தைப் பிடித்து உள்ளேயே வைத்திருக்கும். நான் அந்த லாட்ஜுக்கு ஒரு ரெடிமேட் டெம்ப்ளேட்டை வாங்கித்தான் செய்திருந்தேன். அதோடு வந்த ஸ்டைல்ஷீட்டை அதுவரை நான் கடைசிவரை படித்ததே இல்லை. ஆயிரக்கணக்கான வரி.

சிக்னல் குறைவாக இருந்தால் பக்கம் எப்படித் திறக்கும் என்று நம் கம்ப்யூட்டரிலேயே பார்க்க ஒரு வசதி இருக்கிறது. வேகத்தை நாமே குறைத்துவிடலாம். குறைத்துவிட்டு லாட்ஜ் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளை. பக்கத்து சீட்டில் இருந்தவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "என்னாடி, ஹேங் ஆய்டுச்சா?" என்றாள். அந்தப் பாறைமேல் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நேரம் இதுதான் என்று தோன்றியது. அவ்வளவு நேரமும் நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் இருக்கிற இடத்துக்கு நான் அன்றைக்குப் போக முடிந்த தூரம் அவ்வளவுதான்.

வேண்டாததை நீக்கப் புகுந்தபோதுதான் எவ்வளவு வேண்டாதது என்று தெரிந்தது. கடை வெப்சைட்டுகளில் வாங்குவதைப் போட்டுவைக்கிற, எங்கள் லாட்ஜில் இல்லாத சாமான் கூடைக்கு நிறம். வலமிருந்து இடமாக எழுதுகிற மொழிகளுக்கு ஒழுங்கு. எங்கேயும் போடாத வீடியோவுக்குச் சட்டம். நடுவில் ஓர் இடத்தில், கிறிஸ்துமஸ் சமயத்தில் பக்கத்தின்மேல் பனி விழுகிற மாதிரி காட்டுவதற்கு நாற்பது ஐம்பது வரிகள் இருந்தன. அதை அழித்த அன்று மதியம் அவர் கூப்பிட்டார்.

"இன்னிக்கு என்னா பண்ண?"

"பனிய டெலிட் பண்ணேன்."

விவரம் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இங்க வந்து கொஞ்சம் பண்ணிட்டுப் போயேன். காலைலருந்து வாரிக் கொட்டறோம், தீரவே மாட்டேங்குது."

"கூட்டினு போங்க, வரேன்" என்றேன். ஏதோ வேகத்தில் வந்துவிட்டது. போனில் காற்று இரைந்தது. பிறகு, "அம்மா கால்வலி எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

அழித்தது போக மிஞ்சியதை இன்னும் சுருக்கினேன். மனிதர்கள் படிப்பதற்காகக் கோப்பில் இடைவெளி விட்டிருப்போம், வரி மாற்றியிருப்போம், இது இன்னதற்கு என்று குறிப்பு எழுதியிருப்போம். கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தேவையில்லை. அவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் கோப்பு முழுவதும் மூச்சுவிடாமல் ஒரே வரியாக ஓடும். பிறகு சர்வரிலும் அதை அழுத்தி அனுப்பச் சொல்லி ஏற்பாடு செய்தேன். முகப்பிலிருந்த மலை போட்டோவையும் தூக்கிவிட்டேன், அது பெரிய பாரமாக இருந்தது. வேகத்தைக் குறைத்து வைத்துத் திறந்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்று சொல்வதற்குள் வந்துவிட்டது. முதலாளியிடம் சொல்லாமலே புதிய கோப்பை ஏற்றிவிட்டேன்.

அடுத்த நாள் மதியம் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. டிவியில் அந்தப் பக்கமெல்லாம் பனிப்புயல் என்று சொன்னார்கள். எந்த முகாம், எந்த இடம் என்று அவர்கள் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. அத்தை டிவியை நிறுத்திவிட்டு, "அங்கெல்லாம் கெட்டியா கட்டடம் கட்டி வச்சிருப்பாங்க" என்றார். என்னிடம் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. மதியம் மாடிக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த லாட்ஜ் பக்கத்தைத் திறப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது! திறக்க வேண்டிய போன் மட்டும் எங்கேயோ சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

அதற்குள் பௌர்ணமி வந்துவிட்டது. பௌர்ணமி அன்று எங்கள் வீட்டிலிருந்து வெளியே போக முடியாது. கிரிவலப் பாதையில்தான் வீடு. காலையிலேயே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். நான் லீவு போட்டுவிட்டு, வாசலில் அத்தையின் மோர்க் கடைக்கு உதவியாக நின்றுகொண்டிருந்தேன். மூன்று மணி வெயிலிலேயே ஜனம் நடக்க ஆரம்பித்திருந்தது. லாட்ஜ் மேனேஜரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"மேடம், ரூம் போடற பட்டன காணோம்னு எல்லாரும் போன் பண்றாங்க. பக்கம் தொறக்குது, பட்டன் இல்லையாம். இன்னிக்குப் போயி இப்டி ஆனா எப்டி?"

போனில் திறந்து பார்த்தேன். வேண்டாத வரிகளைப் பொறுக்கியபோது முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். ரூம் போடுகிற பக்கத்தில் அந்த ஆரஞ்சு பட்டனுக்கு இருந்த வரிகளும் குப்பையோடு போய்விட்டன. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் பட்டன் அங்கேயேதான் இருந்தது, யார் கண்ணுக்கும் தெரியாமல். உடனே முதலாளியும் கூப்பிட்டார். "உன்ன யாரும்மா அதுல கைய வைக்கச் சொன்னது?" என்று கத்தினார். நான் "சாரி சார், சாரி சார்" என்றேன்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். போனிலிருந்துதான் இன்டர்நெட் எடுக்க வேண்டும். பௌர்ணமிக் கூட்டத்தில் எங்கள் ஊரில் நெட்வொர்க் திணறிவிடும். அத்தனை ஆயிரம் போன்கள். மாடிப்படி ஏறினேன், ஒரு மூலைக்குப் போனேன், அங்கே இல்லை, வேறு மூலைக்குப் போனேன். லேப்டாப் ஒரு கையில், தூக்கிப் பிடித்த போன் மறு கையில். கீழே இருந்து அத்தை, "இன்னாம்மா அங்க இங்க ஓடினு இருக்கற, உழுந்துடப் போற!" என்று கத்தினார். கடைசியில் பின்பக்கக் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் இரண்டு கோடு வந்தது. அங்கேயே உட்கார்ந்து பட்டனுக்கு ஏழெட்டு வரி எழுதிச் சேர்த்து ஏற்றினேன். கோப்பு சின்னதாகிவிட்டதால் அந்தச் சிக்னலிலும் ஏறியது.

கொஞ்ச நேரத்தில் மேனேஜரம்மா மறுபடி கூப்பிட்டார். "வந்துடுச்சு மேடம். ஆனா ஒண்ணு. நடந்துனே போன்ல ரூம் போட்டுட்டு வராங்க. மத்த லாட்ஜ் எதுவும் தொறக்கலயாம், நம்மளுது மட்டும்தான் தொறக்குதாம்." முதலாளி அடுத்த நாள் இதைப்பற்றிப் பேச்செடுக்கவில்லை. மதியம் என் மேஜைப் பக்கமாக வந்து, "அந்த ஸ்கூல் வெப்சைட்டையும் அதே மாதிரி பண்ணிடு" என்று மட்டும் சொன்னார்.

போன் நின்றுபோன ஒன்பதாம் நாள் என் கணவர் பேசினார். குரல் கட்டியிருந்தது. வழி அடைத்துக்கொண்டதாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். நான் அழுதேன். அவர் அழவிட்டார். பிறகு, "தொறந்துடுச்சு தெரியுமா?" என்றார்.

"எது?"

"உன் லாட்ஜுதான். போன் பண்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். டக்குனு வந்துடுச்சு. பட்டன்லாம் ஜோரா இருக்குது." கொஞ்சம் தயங்கினார். "மலையதான் காணோம். மலை போட்டோ இருக்கும்னு சொன்னியே? எங்க ஊர் மலையக் காட்டறேன்டானு பசங்ககிட்ட சொல்லிவச்சிருந்தேன்."

அவர் பார்க்க ஆசைப்பட்டது என் பட்டனை அல்ல. பாரம் என்று நான் தூக்கிப் போட்டதைத்தான் அவர் இத்தனை நாள் வெள்ளைத் திரையில் எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

போட்டோவை மறுபடி போட்டால் மறுபடி வெள்ளை. ஸ்டைல்ஷீட்டிலேயே புள்ளிகளைக் குறித்து ஒரு வடிவத்தை வெட்டி எடுக்கலாம் என்று எனக்குத் தெரியும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவில் சாம்பல் நிறம். ஒரு போட்டோவுக்கு ஆகிற பாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. உட்கார்ந்து மலையை வரைந்தேன். உச்சி, உச்சியிலிருந்து சரிகிற தோள், அடிவாரம். பார்த்துப் பார்த்து வரையவில்லை, கை தானாகப் போட்டது. லாட்ஜ் பக்கத்தின் தலையில் வைத்துவிட்டு அவருக்குச் சொன்னேன்.

"நல்லா இருக்குது" என்றார். ஆனால் அந்த "நல்லா" இழுவையாக வந்தது.

"என்னா, சொல்லுங்க."

"இது நம்ம வீட்டுலருந்து தெரியற மலை இல்லையே. நம்ம பக்கம் இவ்ளோ கூரா இருக்காது. இது உங்க ஊர்லருந்து வரும்போது பஸ்ஸுல தெரியற மலை."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. நான் கீழ்பென்னாத்தூரில் பிறந்தவள். ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரிவரை நான் பார்த்த மலை அதுதான். பஸ் ஜன்னலில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகியும் என் கை அறிந்திருந்த மலை அங்கேயே நின்றுவிட்டது. அவருக்கு ஓர் ஏக்கம், எனக்கு ஓர் ஏக்கம், இரண்டும் ஒரே மலையின் வேறு வேறு பக்கங்களில் இருந்தன. அன்றைக்கு வெகுநேரம் எனக்கு அப்பா ஞாபகமாகவே இருந்தது.

மறுநாள் காலையில் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். இந்தப் பக்கத்திலிருந்து மலை அகலமாக, பக்கத்தில் சின்னச் சின்ன மேடுகளோடு, அவசரமில்லாமல் படுத்திருந்தது. ஒரு நோட்டில் புள்ளிகளைக் குறித்துக்கொண்டேன். அத்தை சாணிக்கூடையோடு வந்து, "இன்னாம்மா எழுதற?" என்றார்.

"மலைய வரையறேன் அத்த. அவருக்கு."

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். "இங்க ஒரு பள்ளம் இருக்குது பாரு, அத உட்டுட்ட" என்று விரலால் காட்டினார். "சின்னதுல அதத்தான் காமிச்சு யானை உக்காந்துனு இருக்குதும்பான்."

அந்தப் பள்ளத்தையும் சேர்த்தேன். லாட்ஜ்காரர்களுக்கு எங்கள் வீட்டுப் பக்கத்து மலை எதற்கு? அதனால் தனியாக ஒரு பக்கம் செய்தேன். அதில் எழுத்தே கிடையாது. மலை மட்டும், மேலே விடிகாலை நிறம். நான் செய்ததிலேயே சின்ன வெப்சைட் அதுதான். அனுப்பினேன்.

அன்றைக்கு அவர் போனை வைத்துவிட்டுப் பார்த்தார். திரும்பக் கூப்பிடவில்லை. அடுத்த நாள்தான் கூப்பிட்டார். "நேத்து பாத்துனே இருந்துட்டேன், டைம் முடிஞ்சுபோச்சு" என்றார். இந்தத் தடவை எனக்கு வருத்தமாக இல்லை.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நடுவில் ஒரு தடவை லீவில் வந்துவிட்டுப் போனார். இப்போது சமவெளியில், ஒரு பெரிய ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறார். நல்ல சிக்னல். தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோம். முகம் தெரிந்துவிட்டால் ஏக்கம் குறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முகம் தெரிவதால், கன்னத்தில் சவரம் செய்தபோது பட்ட கீறல் தெரிகிறது. அதைத் தொட முடியவில்லை. அவர் பேசிக்கொண்டே வேறெதையோ பார்ப்பது தெரிகிறது. நானும் பேசிக்கொண்டே துணி மடிக்கிறேன். பத்து நிமிஷம்தான் என்றிருந்தபோது நாங்கள் ஒரு வார்த்தையை வீணாக்கியதில்லை. அந்த நாட்கள் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றை நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

குடும்பத்தோடு இருக்க குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினொரு பேர் இருக்கிறார்களாம். கிடைத்தால் நான் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். முதலாளி, "அங்கருந்தே பண்ணேன், கம்ப்யூட்டர் எங்க இருந்தா என்னா" என்கிறார். அத்தையைக் கூப்பிட்டால், "நான் மாட்ட உட்டுட்டு எங்க வரது?" என்கிறார்.

நேற்று மீன் குழம்பு வைத்திருந்தேன். போனைத் திருப்பிச் சட்டிக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். அவர் முகத்தைத் திரைக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"புளி கொஞ்சம் ஜாஸ்தியா?" என்றார்.

"உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"நெறத்தப் பாத்தா தெரியுது."

"அவ்ளோலாம் இல்ல" என்றேன். ருசி பார்த்தேன். கொஞ்சம் ஜாஸ்திதான்.